புகையை எரிக்கும் அடுப்பு

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியசில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் தேவை. வெயிலிலும் காற்றிலும் நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகுக்குள் சுமார் 15,000 கிலோஜூல் இருக்கிறது. அப்படியானால் 22 கிராம் விறகு போதும். நான்கைந்து பென்சில்களின் எடைதான் அது. ஆனால் மூன்று கற்களைக் கூட்டி மூட்டிய திறந்த நெருப்பில் அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் 200 கிராமுக்கு மேல் எரிந்துவிடும். பத்தில் ஒன்பது பங்கு எங்கே போனது?

ஒரு பகுதி காற்றோடு போனது. ஒரு பகுதி கல்லையும் மண்ணையும் சூடாக்கியது. இன்னொரு பகுதி வெப்பமாக மாறவே இல்லை. புகையாகவும் கரியாகவும், எரியாமலே வெளியேறிவிட்டது.

முதுகுப்பையோடு மலைப்பாதைகளில் பல நாள் நடப்பவர்கள் எடுத்துச் செல்லும் சிறு விறகடுப்பு, இந்த இழப்புகளைக் குறைப்பதற்கென்றே உருவான கருவி. எடை கால் கிலோ இருக்கும். சமையல் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். எரிபொருளைச் சுமக்க வேண்டியதில்லை. வழியில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளி போதும். கடையில் வாங்கலாம். மூன்று தகர டின்களைக் கொண்டு வீட்டிலும் செய்யலாம். எந்த வழியில் போனாலும் விறகு எப்படி எரிகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால், எந்த அடுப்பையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே அது நல்லதா என்று சொல்லிவிடலாம்.

எரிவது எது?

காய்ந்த சுள்ளி ஒன்றைச் சூடாக்கினால், முதலில் அதில் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்குகிறது. செல்லுலோசும் லிக்னினும் உடைந்து ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், தார் ஆவி என்று பலவகை வாயுக்களாக வெளியேறுகின்றன. இதற்கு வெப்பச்சிதைவு என்று பெயர். காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது கரி; அதுதான் பின்னர் கங்காகக் கனன்று எரிகிறது.

நாம் பார்க்கும் மஞ்சள் சுடர், மரத்திலிருந்து கிளம்பிய இந்த வாயு எரியும் சுடர். மெழுகுவத்தியிலும் இப்படித்தான் நடக்கிறது. 1860ஆம் ஆண்டு இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற விரிவுரைகளில் மைக்கேல் பாரடே இதைச் செய்தே காட்டினார். மெழுகுவத்தியை அணைத்ததும் எழும் வெண்ணிற ஆவிக்கு அருகே நெருப்பைக் கொண்டுபோனால், சுடர் அந்த ஆவியின் வழியே தாவிச் சென்று திரியைப் பற்றிக்கொள்ளும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஆகவே புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள். அதை எரிக்க மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வாயு சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே அதற்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். இரண்டும் கலந்து எரிந்து முடிவதற்கு இடமும் நேரமும் வேண்டும். திறந்த நெருப்பில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளிர்ந்த காற்று நாலா பக்கமும் புகுந்து வாயுவைக் குளிர்வித்துவிடுகிறது. முழுவதும் மூடிய அடுப்பில் சூடு இருக்கும், காற்று இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடிப்பதுதான் அடுப்பு செய்பவரின் வேலை.

பச்சை விறகு ஏன் எரிய மறுக்கிறது என்பதும் இங்கே புரியும். ஒரு கிலோ பச்சை விறகில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரைக் கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 1,300 கிலோஜூல் செலவாகும். மீதி அரைக் கிலோ மரத்தில் 9,000 கிலோஜூலுக்கு மேல் இருக்கிறது. அதாவது ஈரம் எடுத்துக்கொள்வது ஏழில் ஒரு பங்குதான். கணக்குப்படி பச்சை விறகும் எரிந்தாக வேண்டும். ஆனால் தண்ணீர் முழுவதும் போகும்வரை மரம் 100 டிகிரியைத் தாண்ட முடியாது. போகும் நீராவியோ, மேலே கிளம்பும் வாயுவோடு கலந்து அதை 600 டிகிரிக்குக் கீழே இழுத்துவிடுகிறது. ஆற்றல் போதுமான அளவு இருந்தும் வெப்பநிலை எட்டாததால் கண்ணைக் கரிக்கும் புகை மட்டும் வருகிறது. சிறிய அடுப்பில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் ஈடுகட்டப் பெரிய கங்குக் குவியல் அதில் கிடையாது.

ஒரு பாஸ்கல்

ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுதாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். நம் ஒரு லிட்டர் தண்ணீரை நல்ல அடுப்பில் 90 கிராம் விறகால் கொதிக்க வைக்கிறோம் என்றால், அதற்குள் ஏறத்தாழ 450 லிட்டர் காற்று அந்தச் சிறு டின்னுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். விசிறியும் இல்லை, துருத்தியும் இல்லை. அதை இழுப்பது எது?

சூடான வாயு இலேசானது. அடுப்புக்குள் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 500 டிகிரி வாயு நிற்கிறது என்றால், வெளியே அதே உயரத்தில் நிற்கும் குளிர்ந்த காற்று அதைவிடக் கனமானது. இந்த எடை வேறுபாட்டால் பிறக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பாஸ்கல்; வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. அடுப்பின் உயிர் முழுவதும் இந்த ஒரு பாஸ்கலில் இருக்கிறது.

இதைக் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரில் மோதினால் 15 பாஸ்கல் அழுத்தம் தரும். மலையில் அது சாதாரணக் காற்று. ஆனால் அடுப்பின் சொந்த இழுவையைவிடப் பதினைந்து மடங்கு வலியது. ஒரு பக்கத் துளைகளில் புகுந்து மறுபக்கத் துளைகளில் வெளியேறும். சுடர் பாத்திரத்தைத் தொடாமலே சாய்ந்துவிடும். அடுப்பு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் காற்றுமறைப்பு இல்லாவிட்டால் பயனில்லை என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. அடுப்பைப் பாறையின் மறைவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று வரும் பக்கம் ஒரு மெல்லிய தகட்டை வளைத்து நிறுத்த வேண்டும்.

இரண்டு சுவர்கள்

இன்று கடைகளில் கிடைக்கும் சிறு விறகடுப்புகளில் சிறந்தவை இரட்டைச் சுவர் கொண்டவை. இவற்றின் தத்துவம் மலையேறிகளுக்காக உருவானதல்ல. ஏழைகளின் சமையலறையில் புகையைக் குறைக்கும் முயற்சியில் பிறந்தது. அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட் 1985இல் மேலிருந்து பற்றவைத்துக் கீழ்நோக்கி எரியும் அடுப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். நார்வேயைச் சேர்ந்த பால் வென்டல்போ ஆப்பிரிக்காவில், அவரிடமிருந்து தனியாக, அதே வழியைக் கண்டடைந்தார். ஓரிகன் மாநிலத்தில் அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி 1980களில் வேறொரு பாதையில் போய், வெப்பம் கடத்தாத முழங்கை வடிவக் குழலுக்குள் சுடரை எரியவிடும் ராக்கெட் அடுப்பை உருவாக்கினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தாவின் குழு வடிவமைத்த விசிறி வைத்த ஊர்ஜா அடுப்பு 2000களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது. வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டிருக்கிறது. முதுகுப்பையில் வைக்கும் அடுப்பு, அவ்வளவு பெரிய துயரத்துக்கு விடை தேடியவர்களின் உழைப்பிலிருந்து வந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இரட்டைச் சுவர் எப்படி வேலை செய்கிறது? வெளிச்சுவரின் அடியில் துளைகள் இருக்கின்றன. அவற்றில் நுழையும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு உள் டின்னின் அடித்தட்டு வழியாக விறகுக்குப் போகிறது. இதை முதற்காற்று என்போம். இது குறைவாகவே போதும், விறகைச் சூடாக்கி வாயுவாக்கும் அளவுக்கு. மறு பங்கு இரு சுவர்களுக்கும் இடையே மேலேறுகிறது. உட்சுவர் தகிப்பதால் ஏறும்போதே சூடாகி, உட்சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே உள்ள துளை வரிசை வழியாக உள்ளே பாய்கிறது. இது இரண்டாம் காற்று. கீழிருந்து வரும் புகை இந்தச் சூடான காற்றைச் சந்திக்கும் இடத்தில் தீப்பற்றிக்கொள்கிறது. அடுப்பு நன்றாக எரியும்போது ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு சுடர் உள்நோக்கிப் பாய்வது போலத் தெரியும். உண்மையில் அங்கே பாய்வது காற்று. சூழ இருக்கும் வாயு அதன் ஓரத்தில் எரிகிறது.

முன்பு நாம் பட்டியலிட்ட சூடு, ஆக்சிஜன், இடம் மூன்றும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. குளிர்ந்த காற்று வாயுவைக் கெடுப்பதில்லை, ஏனென்றால் காற்று குளிர்ச்சியாக வருவதே இல்லை.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

சந்தையில் நான்கு வகை அடுப்புகள் உண்டு. முதலாவது, தகடுகளை ஒன்றோடொன்று செருகிப் பெட்டியாக்கும் மடிப்பு அடுப்பு. தட்டையாக மடியும், எடை குறைவு, நீளமான குச்சியைப் பக்கவாட்டில் செருகி எரிக்கலாம். ஒற்றைச் சுவர் என்பதால் புகை சற்று அதிகம். இரண்டாவது இரட்டைச் சுவர் உருளை. சோலோ ஸ்டவ் நிறுவனத்தின் சிறிய அடுப்பு 255 கிராம் எடையுள்ளது. இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது விசிறி அடுப்பு. நம் வீடுகளில் ஊதாங்குழல் செய்த வேலையை இதில் ஒரு சிறு மின்விசிறி செய்கிறது. நியூயார்க்கின் பயோலைட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அடுப்பில் அந்த மின்சாரமும் நெருப்பிலிருந்தே வருகிறது. இரு வேறு உலோகங்களின் சந்திப்பில் வெப்ப வேறுபாடு மின்னழுத்தம் தரும்; தாமஸ் சீபெக் 1821இல் கண்ட இந்த விளைவுதான் அடிப்படை. ஒரு பாஸ்கலை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதால் ஈரச் சுள்ளியையும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் எடை ஒரு கிலோவை நெருங்கும். நான்காவது, அயர்லாந்தின் மாயோ பகுதியில் தோன்றிய கெல்லி கெண்டி. புகைபோக்கியைச் சுற்றியே தண்ணீர் நிற்கும். கொதிக்க வைப்பதில் வேகமானது, காற்றுக்கு அஞ்சாதது. ஆனால் பருமனானது, முதுகுப்பையில் இடத்தை அடைக்கும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, டைட்டானியம் எஃகைவிட ஏறத்தாழ 40 சதவீதம் இலேசானது, விலை அதிகம். துருப்பிடிக்காத எஃகு மலிவானது, நீண்ட காலம் உழைக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். கங்கு அதைவிடச் சூடானது. ஆகவே தீ எரியும் பகுதிக்கு அலுமினியம் ஆகாது, காற்றுமறைப்புக்கு ஆகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைத் தொடவே கூடாது. சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் குளிர் நடுக்கத்தையும் உண்டாக்கும்.

பாத்திரத்துக்கும் அடுப்பின் வாய்க்கும் இடையே உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். பாத்திரம் மிகவும் கீழே இருந்தால், எரிந்து முடியாத சுடர் குளிர்ந்த உலோகத்தில் மோதி அணைந்து கரியாகப் படியும். கார்பன் மோனாக்சைடும் கூடும். மிக மேலே இருந்தால் வெப்பம் பக்கவாட்டில் ஓடிவிடும். இந்த அளவு அடுப்புக்கு மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் சரியாக இருக்கும். பாத்திரத்தின் அடி கன்னங்கரேலென்று ஆனால், குற்றம் விறகினுடையதாகவோ இந்த இடைவெளியினுடையதாகவோ இருக்கும்.

செய்து பார்ப்பவருக்கு

தேவை மூன்று டின்கள். வெளிச்சுவருக்கு 11 சென்டிமீட்டர் குறுக்களவும் 13 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, பெயின்ட் ஊற்றப்படாத புதிய பெயின்ட் டின். உட்சுவருக்கு 8.5 சென்டிமீட்டர் குறுக்களவும் 11 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உணவு டின். பாத்திரத்தைத் தாங்க ஒரு குட்டையான மீன் டின் அல்லது பழ டின்.

பெரிய டின்னைக் கவிழ்த்து வைத்து, மேலே வந்த அடித்தட்டில் சிறிய டின்னின் வட்டத்தை வரையுங்கள். அதற்கு அரை சென்டிமீட்டர் உள்ளே வட்டமாக வெட்டி, விளிம்பைச் சிறு சிறு நாக்குகளாகக் கத்தரித்துக் கீழே மடியுங்கள். அந்த நாக்குகள் உள் டின்னை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உள் டின் அதன் விளிம்பில் தொங்க வேண்டும். அதன் அடிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும். பெயின்ட் டின்னின் மூடியே அடுப்பின் அடித்தட்டாகிவிடும்.

இனி துளைகள். உள் டின்னின் அடியில் 5 மில்லிமீட்டர் துளைகள் 24. அதன் மேல்விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே 6 மில்லிமீட்டர் துளைகள் 16, ஒரே வரிசையில். வெளி டின்னின் அடிப்பக்கத்தைச் சுற்றி 12 மில்லிமீட்டர் துளைகள் 12. இந்த எண்களை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. அவற்றுக்குள் இருக்கும் விகிதம்தான் முக்கியம். உள் டின்னின் துளைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 920 சதுர மில்லிமீட்டர் வரும். வெளித் துளைகள் சுமார் 1,360. நுழைவாயில் ஒன்றரை மடங்கு பெரியதாக இருந்தால், கையில் இருக்கும் ஒரு பாஸ்கல் வாசலிலேயே வீணாகாது. உள்ளே அடித்துளையும் மேல்துளையும் ஏறத்தாழ சரிபாதி. சுடர் மூர்க்கமாக எழுந்து விறகு சீக்கிரம் தீர்ந்தால் அடித்துளைகள் அதிகம் என்று பொருள். புகை நீடித்தால் மேல்துளைகள் போதவில்லை.

துளையிடும்போது டின்னுக்குள் மரக்கட்டையைச் செருகிக்கொண்டால் தகடு நசுங்காது. வெட்டிய விளிம்பு சவரக் கத்திபோலக் கூர்மையாக இருக்கும். தடித்த கையுறை அணிந்துகொண்டு அரத்தால் தேயுங்கள். மூன்றாவது டின்னின் இருபுறமும் திறந்து, பக்கவாட்டில் சுள்ளி போடும் அளவுக்கு ஒரு வாயை வெட்டி, அடுப்பின் மேல் வையுங்கள். உணவு டின்களின் உட்புறப் பூச்சு முதல் எரிப்பில் கருகி நாறும். ஆகவே முதல் முறை வெட்டவெளியில், சமையல் எதுவும் இல்லாமல், ஒரு முழு அடுப்பு விறகை எரித்து முடியுங்கள்.

பற்றவைக்கும் முறை

பழக்கத்துக்கு மாறான ஒன்றை இங்கே செய்ய வேண்டும்: நெருப்பை மேலே வைக்க வேண்டும். சுண்டுவிரலைவிடத் தடிக்காத, மடக்கினால் படாரென்று முறிகிற சுள்ளிகளை ஒடித்து, மேல்துளை வரிசைக்குச் சற்றுக் கீழே வரை நெருக்கமாக அடுக்குங்கள். மேலே மரச்சிராயும் காய்ந்த பட்டையும் வைத்துப் பற்றவையுங்கள். தீ மெல்லக் கீழே இறங்கும். கீழிருக்கும் விறகு விடும் வாயு, மேலே இருக்கும் கங்கின் ஊடாகவும் சுடரின் ஊடாகவும் கடந்தே வெளியேற வேண்டியிருப்பதால் புகை தப்ப வழியில்லை. கீழே பற்றவைத்தால் நிலைமை நேர்மாறு: மேலிருக்கும் குளிர்ந்த விறகு சூடாகி வாயுவைக் கக்கும், அதை எரிக்க மேலே நெருப்பு இருக்காது.

முதல் அடுக்கு எரிந்து கங்கானதும் இரண்டிரண்டாகச் சுள்ளி போடலாம். மேல்துளைகளை மூடும்படி திணித்தால் இரண்டாம் காற்று நின்றுவிடும். அடுப்பு உடனே புகையத் தொடங்கும். கடைசியில் குட்டையான நீலச் சுடர் தெரிந்தால் அது கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு எரிவது. இந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தாலும் பனி பெய்தாலும் விறகடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது.

எங்கே வேண்டாம்

எடை குறையும் என்பதற்காக மட்டும் விறகடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு வார நடை, நாளுக்கு இரண்டு லிட்டர் வெந்நீர் என்றால், வாயு அடுப்புக்கு ஒரு லிட்டருக்கு 13 கிராம் வீதம் 180 கிராம் வாயு செலவாகும். 230 கிராம் வாயு கொண்ட ஒரு குப்பி, அதன் கூட்டோடு சேர்த்து 380 கிராம். எரிமுனை 90 கிராம். மொத்தம் 470. இரட்டைச் சுவர் அடுப்பு 255. மிச்சம் கால் கிலோவுக்கும் குறைவு. பல வாரம் கடையில்லாப் பாதையில் நடக்கும்போதும், விமானத்தில் வாயுக் குப்பியை ஏற்ற முடியாதபோதும், பியூட்டேன் ஆவியாக மறுக்கும் கடுங்குளிரிலும்தான் விறகடுப்பின் அருமை தெரியும்.

விறகு இருக்கும் எல்லா இடங்களிலும் அதை எரிக்கலாம் என்பதும் இல்லை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 9,600 அடிக்கு மேல் விறகு எரிக்கத் தடை. அந்த உயரத்தில் மரங்கள் மிக மெதுவாக வளர்கின்றன. விழுந்த கிளை மட்கி மண்ணுக்குத் திரும்பினால்தான் அடுத்த கன்றுக்கு உணவு. எவரெஸ்ட் அடிவாரத்தின் சாகர்மாதா பூங்காவிலும் மலையேறிகள் விறகு எரிக்கக் கூடாது. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் கோடைத் தீத்தடை அமலுக்கு வந்ததும், திருகி அணைக்கக்கூடிய அடுப்புகளுக்கு மட்டுமே பெரும்பாலும் அனுமதி. விறகடுப்புக்குத் திருகு கிடையாது. அதன் பொறி பறந்தால் திரும்ப அழைக்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்துகொண்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மார்ச் மாதத்துப் புல் மலைச்சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அந்த நாள் காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் விறகடுப்பை எடுத்துச் செல்வதில் அர்த்தமில்லை. அங்கே நெருப்பு மூட்டுவதே குற்றம். அனுமதியுள்ள முகாம்தளம், ஆற்றங்கரை, சொந்தத் தோட்டம், மொட்டைமாடி ஆகியவைதான் இங்கே இதற்கு ஏற்ற இடங்கள்.

அதனால் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் வரிசை இதுவாகட்டும். போகும் இடத்தில் நெருப்புக்கு அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வாயு அடுப்பு, அல்லது சமைக்காத உணவு. உண்டென்றால், அங்கே விழுந்த சுள்ளி காய்ந்து கிடக்குமா, மழையில் ஊறிக் கிடக்குமா என்று கேளுங்கள். காய்ந்திருக்கும் இடத்துக்கு இரட்டைச் சுவர் அடுப்பு. ஊறியிருக்கும் இடத்துக்கு விசிறி அடுப்பு, அதுவும் எடையைத் தாங்க முடிந்தால். சமைத்து முடித்ததும் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, வெறுங்கையால் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று உறுதியான பிறகே கிளம்புங்கள். புகையை எரிக்கத் தெரிந்தவர், நெருப்பை முழுதாக அணைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.